கடைசி சீட்டில் பேசிய பேச்சு

போன அத்தியாயத்தில் பைலட்டை மொட்டை மாடியில் தனியாக உட்கார வைத்துவிட்டு வந்தோம். இன்று சனிக்கிழமை, மணி ஒன்று, மனுஷர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். நடுவில் சாப்பிடவும் தூங்கவும் இறங்கி வந்தார், யாரும் பதற வேண்டாம்.

பைலட் என்றதும் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துவிடக் கூடாது. அவர் ஓட்டுவது பதினாறு வருஷத்துப் பழைய சொந்த டீசல் வேன். பிஸ்கட் தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன். கிளம்பும்போது அது போடுகிற இரைச்சலைக் கேட்டு, அதில் வேலைக்குப் போகிற பெண்கள் அவருக்கு வைத்த பெயர் அது. ஒரு மாதமாக அவருக்குப் போதாத காலம். தன் தெருமுனை வந்ததும் ஒரு பெண் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று மூன்று தடவை கத்தியும் இவர் பாட்டுக்கு இரண்டு தெரு தாண்டிப் போய்விட்டார். அடுத்த வாரம் இன்னொருத்திக்கும் அதே கதை. போன செவ்வாய்க்கிழமை தொழிற்சாலை மேலாளர் கூப்பிட்டு, மரியாதையாகத்தான், ஆனால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

"திங்கட்கிழமை காது டாக்டர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் வண்டி வேணாம். காது சரியில்லைன்னா எப்பவுமே வேணாம். பின்னாடி பதினாலு பேர் உயிர் இருக்கு."

அன்றைக்குச் சாவியை வீட்டு மேசை மேல் வைத்துவிட்டு மாடி ஏறியவர்தான்.

அவர் மனைவியைத் தெருவே 'சீட் கவர் அக்கா' என்று கூப்பிடும். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் இரண்டு தையல் மெஷின். காரோ வேனோ, உள்ளே இருக்கிற மெத்தை, கூரைத் துணி, கதவு அட்டை எல்லாம் அவள் கை வேலை. நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். அக்காவுக்குப் புருஷனின் காதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு, வெளியூரில் பஸ் பாடி கட்டுகிற கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது. புது பஸ்களின் உள்வேலை முழுக்க அவள் பொறுப்பு. ஆறு மாதம் அங்கேயே தங்க வேண்டும். அன்று சாயங்காலம் புருஷன் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கடைசியில், "போகட்டுமா?" என்று கேட்டாள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே "ம்" என்றார்.

அவ்வளவுதான். எந்த ஊர் என்று கேட்கவில்லை. ஆறு மாதமா என்று வாயைப் பிளக்கவில்லை. இரண்டு வருஷமாகவே அப்படித்தான், எதைச் சொன்னாலும் "ம்". கிணற்றில் கல்லைப் போட்டாலாவது தொபுக்கென்று ஒரு சத்தம் வரும். அக்காவுக்கு வந்த ஆத்திரத்தில் மறுநாளே கம்பெனிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ். பெட்டி கட்டியாகிவிட்டது.

பழகிப் பார்க்கச் சொல்லிக் கம்பெனி ஒரு கட்டு ஷீட்டும் கொடுத்தனுப்பியிருந்தது. ஒரு பக்கம் கருப்புப் பிசின், மறுபக்கம் வெள்ளித் தாள். வண்டித் தகரத்தில் ஒட்டினால் அதிர்வை விழுங்கிவிடும். மேலே ஃபோம் போர்த்தினால் சூடும் ஏறாது. பழகுவதற்கு ஊரான் வண்டி எதற்கு? கோபம் கோபமாகவே இருக்கட்டும், போவதற்கு முன் அந்த மனுஷர் காலடியில் கொதிக்கிற சூட்டையாவது நிறுத்திவிட்டுப் போவோம் என்று புதன்கிழமை வேனைக் கொட்டகைக்குள் தள்ளினாள். சில பேருக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளும். அக்காவுக்குக் கோபம் வந்தால் வேலை நடக்கும்.

"அக்கா, இதைக் கேளேன்."

இன்று கொட்டகையில் அவள் தம்பி, பக்கத்துப் பட்டறையில் வண்டிக்கு ஒடுக்கெடுக்கிறவன், விரல் முட்டியால் வேன் கதவைத் தட்டினான். தொப் என்றது.

"புதன்கிழமை தட்டினப்போ எப்படி இருந்துச்சு? டங்ங்குன்னு பள்ளிக்கூட மணி மாதிரி! இப்போ பாரு, தலையணையைத் தட்டுற மாதிரி இருக்கு."

"தட்டினது போதும். கதவுக்கு அடியில தண்ணி வடியிற ஓட்டை இருக்குமே, அதுமேல ஷீட்டை ஒட்டித் தொலைச்சியா பாரு. மழைத்தண்ணி உள்ளேயே நின்னா கதவு துருப்பிடிச்சுப் போகும்."

"நான் என்ன நேத்து வேலைக்கு வந்தவனா?" என்றபடி குனிந்தவன், சத்தமில்லாமல் பிளேடைத் தேடினான். "ஒண்ணே ஒண்ணு மூடியிருக்கு."

"ஒண்ணா?"

"சரி, மூணு."

மூன்று நாளும் அக்காவுக்கு முதுகு நிமிரவில்லை. சீட் எல்லாவற்றையும் கழற்றி, தரையைச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஷீட்டை வெட்டி ஒட்டி, சின்ன உருளையால் காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்தி உருட்டியிருந்தாள். இந்த வேனில் எஞ்சின் இருப்பது டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், ஒரு பெட்டிக்குள். அதன் மூடிக்கு மட்டும் இரண்டு அடுக்கு ஷீட், அதற்குமேல் கனமான ஃபோம். அந்த மூடிக்குப் பக்கத்தில் காலை வைத்துத்தான் பைலட் பதினோரு வருஷமாக வண்டி ஓட்டுகிறார். பேன்ட் அந்த ஒரு பக்கம் மட்டும் நிறம் வெளுத்துப் போகும்.

"மச்சான் என்ன சொன்னார்? அவர் வண்டியை மூணு நாளா பிச்சுப் போட்டிருக்கியே."

"என்ன சொல்வார்? 'ம்'னார்" என்று அக்கா உருளையை டப்பாவில் எறிந்தாள்.

மூன்று மணிக்கு மகள் வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். காது பரிசோதனைக்கு நாலு மணிக்கு நேரம் வாங்கி வைத்திருந்தவளும் அவள்தான். மாடிக்குப் போய் அப்பாவைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தாள். சலவைச் சட்டை, கருப்புக் கண்ணாடி, முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. வேனைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து எடுத்தார்.

நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை வரும் என்று அக்கா காத்திருந்தாள்.

"கிளம்பலாமா?" என்றார் பைலட்.

அக்கா விறுவிறுவென்று போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். மகளும் பின்னாலேயே போனாள்.

அந்தக் கடைசி சீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கும் மகளுக்கும் வருஷக்கணக்கில் அதுதான் ரகசியம் பேசுகிற இடம். கணக்குப் பரீட்சையில் பெயிலானது முதல் கைப்பேசி தண்ணீரில் விழுந்தது வரை பைலட்டுக்குத் தெரியக் கூடாத அத்தனையும் அங்கேதான் பேசித் தீர்க்கப்பட்டன. வேனின் இரைச்சலில் முன்னால் இருக்கிறவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. ஒரே சங்கடம், பக்கத்தில் இருக்கிறவருக்கும் கேட்காது. அதனால் இருவரும் தொண்டை கிழியக் கத்தித்தான் ரகசியம் பேசுவார்கள். பழக்கம் அப்படியே ஊறிவிட்டது.

வேன் கிளம்பியது. மூன்று மணி வெயில் கூரையில் விழுந்தும் உள்ளே உச்சி சுடவில்லை. கையில் இருந்த தண்ணீர் பாட்டில் வெந்நீராகவில்லை. கதவுகள் கடகடக்கவில்லை. தன் வேலை பலித்ததை அக்கா கவனித்தாள். ஷீட் எந்த ஓரத்திலாவது எழும்புகிறதா என்று பார்த்தாள். தொழில்காரி எல்லாவற்றையும் பார்த்தாள். ஆனால் வேன் அமைதியாகிவிட்டால் பேச்சையும் குறைக்க வேண்டும் என்பது மட்டும் அவள் புத்தியில் ஏறவில்லை. மகளுக்கும்தான்.

"அம்மா, திங்கட்கிழமை நிஜமாவே பஸ் ஏறப்போறியா?" என்று மகள் வழக்கம்போலக் கத்தினாள்.

"பின்ன? பெட்டியைப் பார்த்தல்ல?"

"அப்பாகிட்ட இன்னொரு தடவை சொல்லேன்."

"என்னத்தைச் சொல்றது! ஆறு மாசம் ஊரை விட்டுப் போறேன்னு ஒரு தடவை சொன்னேன். 'ம்'னார். செவிடன் காதுல ஊதின சங்கு..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்றைக்குப் போய் இந்தப் பழமொழியா வாயில் வர வேண்டும்.

மகளுக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. "அவருக்கு நிஜமாவே காது போயிருந்தா என்னம்மா பண்றது?"

அக்கா மகள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். மூன்று வாரமாக நெஞ்சுக்குள் இருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"ஒண்ணு சொல்றேன், என்னைத் திட்டாதே. காது போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டா நல்லா இருக்கும்னு எனக்குத் தோணுதுடி."

"அம்மா! வேலை போயிடும்மா!"

"தெரியும். போனா போகட்டும், என் கை நல்லா இருக்கு, நான் பார்த்துக்கிறேன். ஆனா காது நல்லா இருக்குன்னு சொல்லிட்டா? அப்போ ரெண்டு வருஷமா நான் பேசினதெல்லாம் அந்த மனுஷனுக்குக் கேட்டிருக்கு. கேட்டும் பதில் சொல்லலை. நான் போறேன்னு சொன்னதும் கேட்டிருக்கு. போனா போன்னு விட்டுட்டார். காது போச்சுன்னா ஐயோ பாவம்னு மனசு ஆறிடும். என்மேல இருக்கிற ஆசையே போயிடுச்சுன்னா நான் என்னடி செய்வேன்?"

வேன் மெதுவாக ஓரம் ஒதுங்கியது. ஒரு கிடங்கின் மதிலோரம், நிழலில் நின்றது. எஞ்சினும் அடங்கியது.

பஞ்சர் போலிருக்கிறது என்று அக்கா நினைத்தாள்.

பைலட் முழு உடம்பையும் திருப்பிப் பின்னால் பார்த்தார்.

"ஆறு மாசமா?" என்றார்.

அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்த ஊருக்கு? எதுக்கு? திங்கட்கிழமைன்னா நாளன்னிக்கு!"

"அப்பா, உங்களுக்கு அங்க கேட்டுச்சா?" என்றாள் மகள்.

"கேட்காம? ரெண்டு பேரும் மைக் இல்லாம மேடைப் பேச்சுப் பேசுறீங்க. ரோட்டுல போறவன் திரும்பிப் பார்க்கிறான்."

சுவருக்கும் காது உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். தன் கையாலேயே உருளை வைத்து உருட்டி அந்தக் காதைத் திறந்துவிட்டவள் உலகத்தில் தான் ஒருத்திதான் என்று அக்காவுக்கு உறைத்தது. சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சீட்டுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் வெட்கத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"நல்லாத்தானே கேட்குது! அப்போ மூணு வாரம் முன்னாடி நான் சொன்னது? முகம் கழுவிட்டு நின்னீங்க. போகட்டுமான்னு கேட்டேன். 'ம்'னீங்களா இல்லையா?"

பைலட் கருப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாவிட்டால் அவர் முகம் வேறு யாரோ முகம் மாதிரி ஆகிவிடும்.

"நீ ஏதோ சொன்ன. வாய் அசைஞ்சது தெரிஞ்சுது. முகத்துல சிரிப்பு இருந்துச்சு. ஏதோ நல்ல விஷயம்னு நினைச்சு 'ம்'னேன்."

"கேட்கலைன்னா என்னன்னு திருப்பிக் கேட்கிறதுக்கென்ன?"

"ஒரு தடவை கேட்கலாம், ரெண்டு தடவை கேட்கலாம். பேசுற பேச்சுக்கெல்லாம் 'என்ன, என்ன'ன்னு நின்னா உனக்குத் தெரிஞ்சிடாதா? பத்து மணி நேரம் இந்த இரைச்சல்ல உட்கார்ந்துட்டு இறங்கினா, காதுக்குள்ள ஙொய்னு ஒரு சத்தம் நிக்கவே நிக்காது. நீ பேசுறது போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும். காலையில எழுந்தா கொஞ்சம் தெளியும். அந்நேரம் நீ கொட்டகையில இருப்ப. மறுபடி வண்டி, மறுபடி ஙொய்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? உனக்குத் தெரிஞ்சா வண்டி ஓட்ட விடுவியா? வண்டி இல்லைன்னா நான் யாரு? பயம். அவ்வளவுதான். ரெண்டு வருஷமா பயந்துக்கிட்டே 'ம்' போட்டுட்டிருந்தேன். அதுல நீ என்னென்ன கேட்டே, நான் எதெதுக்குச் சரின்னேன்னு எனக்கே தெரியாது."

அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மகளுக்குப் புரியவில்லை. இரண்டும்தான். இரண்டு வருஷமாகச் சுமந்த பாரம் ஒரு நிமிஷத்தில் இறங்கினால் யாருக்குத்தான் என்ன செய்வதென்று தெரியும்? ஆசை போகவில்லை. பாவி மனுஷனுக்குக் காதுதான் அடைத்திருந்தது.

"அது இருக்கட்டும்" என்று பைலட் மகளைப் பார்த்தார். "என் காது போகணும்னு உங்கம்மா கும்பிட்டுட்டே வர்றா, கேட்டியா?"

"அப்பா, மணி மூணு நாப்பது. முதல்ல வண்டியை எடுங்க."

பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. பைலட்டைத் தனியாக உள்ளே உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கதவு மூடியது. அக்கா கண்ணாடி வழியாக அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் அசைந்தபோதெல்லாம் மூச்சு விட்டாள். அசையாத நேரத்தில் மகளின் கையை நசுக்கினாள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இதே காது போகட்டும் என்று நினைத்தவள் இவள்தான். இப்போது விரலே, அழுத்து, அழுத்து என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அம்மா தாளில் ஏறி இறங்குகிற கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூணு நாலு நாளா வண்டி ஓட்டலையா?"

"இங்க வந்ததைத் தவிர ஓட்டலைங்க" என்றார் பைலட்.

"அதான். காதுக்கு ஓய்வு கிடைச்சிருக்கு. எஞ்சின் பக்கத்துக் காதுல ரொம்ப மெல்லிசான சத்தங்கள் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அது திரும்பாது. மத்தபடி பேச்சு, ஹாரன் எல்லாம் நல்லாவே கேட்குது. வண்டி ஓட்டலாம்."

"சர்டிஃபிகேட் கொடுப்பீங்களா?" என்று மகள் குறுக்கே பாய்ந்தாள்.

"கொடுக்கிறேன். ஆனா அதே இரைச்சல்ல போய் உட்கார்ந்தீங்கன்னா அடுத்த தடவை கொடுக்க முடியாது. வண்டியில சத்தத்தைக் குறைக்க ஏதாவது செய்யணும்."

பைலட் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். "செஞ்சாச்சுங்க" என்றார். "இவதான் செஞ்சா. பிரமாதமா செஞ்சிருக்கா. இன்னும் அவகிட்டயே சொல்லலை."

அக்காவின் வயிற்றில் பாலை வார்த்தது டாக்டர் அம்மாவின் பேச்சா, புருஷனின் பேச்சா என்று என்னைக் கேட்காதீர்கள். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வெளியே வந்து தம்பிக்குப் போன் போட்டு, "ஓட்டலாம்னு சொல்லிட்டாங்கடா" என்று சொல்லி முடிப்பதற்குள், அவன் அங்கே "எனக்கு அப்பவே தெரியும்" என்று ஆரம்பித்துவிட்டான்.

திரும்பும்போது மகள் கடைசி சீட்டில் தனியாக ஏறிக் காலை நீட்டிக்கொண்டாள். அக்கா முன்னால் வந்து பைலட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த சீட்டில் அவள் அதிகம் உட்கார்ந்ததில்லை, எஞ்சின் சூடு தாங்காது. இப்போது மூடியின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"இப்போ சொல்லு. எந்த ஊரு?"

"அவசரத்தைப் பாரு. மூணு வாரம் பொறுத்தவருக்கு மூணு நிமிஷம் பொறுக்கலையா?"

"நீ போக வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா தெரியாம போகக் கூடாது. ஆறு மாசம் வீட்டுல உன் குரல் இருக்காதுன்னா, அதை யோசிச்சுப் பார்க்க எனக்கு ஒரு நாளாவது வேணாமா? இப்பத்தானே கேட்கவே ஆரம்பிச்சிருக்கு."

அக்கா மூடியின் மேல் இருந்த ஃபோமை விரலால் நீவினாள். போக வேண்டும் என்ற ஆசை பொய்யில்லை. வரிசையாக நிற்கிற புது பஸ்கள், எல்லாம் அவள் பொறுப்பு. கோபத்தில் சரி என்று சொன்னாள்தான், ஆனால் கோபம் போன பிறகும் அந்த ஆசை போகவில்லை. அதை எப்படி இவரிடம் சொல்வது என்று நினைக்கும்போதே மடியில் கைப்பேசி அடித்தது. பஸ் கம்பெனி மேலாளர்.

"திங்கட்கிழமை ஏழு மணி பஸ்தானேம்மா? தங்குற ரூம் சாவியை வாங்கி வெச்சிடட்டுமா?" அவர் குரல் வேன் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. கடைசி சீட்டில் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அக்கா கைப்பேசியை வாயிலிருந்து விலக்கிப் பைலட்டைப் பார்த்தாள். பைலட் வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். கையை நீட்டினார். அக்கா ஒரு கணம் யோசித்துவிட்டுக் கைப்பேசியைக் கொடுத்தாள்.

"சார், நான் அவங்க வீட்டுக்காரர் பேசுறேன். போறதா இல்லையாங்கிறதை அவதான் சொல்வா. ஆனா எங்களுக்குள்ள ரெண்டு வருஷப் பேச்சு பாக்கி இருக்கு. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம். முடிச்சுட்டு அவளே உங்களைக் கூப்பிடுவா."

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டு, மனைவி பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"சொல்லும்மா. முதல்ல இருந்து சொல்லு."